ஒய்க்கு அப்புறம் ஒரு இ

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சந்துக்குள் 25 வருடத்துக்கும் மேலாக டைப்பிங் சென்டர் நடத்தி வருகிறேன். ஆரம்பத்தில் இரண்டு தட்டச்சு மிஷின்கள். அப்புறம் ஒரு கம்ப்யூட்டர். இப்போது மூன்று கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மிஷினும். வங்கிக் கடன் மனு, வாடகை ஒப்பந்தம், வேலைக்கான விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கம் என்று எல்லாம் வரும். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழில் சொல்வார்கள், நான் ஆங்கிலத்தில் அடிப்பேன். அப்படி அடித்ததில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

2002ஆம் வருடம். அம்மாப்பேட்டையிலிருந்து நூலுக்குச் சாயம் போடும் பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். என்னைவிட மூத்தவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நாலு தொட்டி, ஏழெட்டு ஆட்கள் கொண்ட சின்னப் பட்டறை. புதிதாக ஒரு பாய்லர் வாங்கக் கடன் கேட்டு மனு போட வேண்டும். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். மேலே பட்டறையின் பெயர், அதன் கீழே 'யார்ன் டையிங் யூனிட்'. மூன்று பக்க மனுவில் அந்த 'டையிங்' 11 இடங்களில் வந்தது. 11 இடங்களிலும் டி, ஒய், ஐ, என், ஜி என்று அடித்திருந்தேன். பிழையான சொல்லுக்குக் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடும் என்ற நம்பிக்கை எனக்கு அப்போது நிறைய இருந்தது. அது கோடு போடவில்லை. அவரும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து அதே தாளோடு வந்தார். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

"அம்மிணி, இதுல என்னமோ ஒரு எழுத்து உட்டுப்போச்சுங்களாமா. சாவற பட்டறைக்கு எதுக்குக் கடன்னு கேட்டாங்க. அங்க இருந்தவங்கெல்லாம் சிரிச்சுட்டாங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எந்த எழுத்து விட்டுப்போனது என்று மட்டும் கேட்டார். ஒய்க்கு அப்புறம் ஒரு இ வர வேண்டும், அது இருந்தால் சாயம் போடுவது, இல்லையென்றால் செத்துக்கொண்டிருப்பது என்று சொன்னேன். திருத்தி அடித்துக் கொடுத்த தாளில் 11 இடங்களிலும் விரலை வைத்து, "இங்க இருக்குதுங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நான் தலையாட்டிய பிறகுதான் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மூன்று மாதம் கழித்துக் கடன் கிடைத்தது. ஆனால் ஆங்கிலம் தெரியாத ஒரு மனிதர், தான் செய்யாத பிழைக்காக ஒரு அறை நிறைய ஆட்களுக்கு நடுவில் நின்றாரே, அது என் மனதை விட்டு இன்றுவரை போகவில்லை.

அன்று ராத்திரி அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாவைக் குறிக்கும் 'டை' எழுத்தில் டி, ஐ, இ. சாயத்தைக் குறிக்கும் 'டை' டி, ஒய், இ. இதுவரை குழப்பம் இல்லை. ஆனால் பின்னால் 'இங்' சேரும்போது சாவுக்கான சொல் தன் ஐ-யையும் இ-யையும் விட்டுவிட்டு, ஒரு ஒய்யை எடுத்துக்கொள்கிறது. அந்த ஒய் சாயத்தின் எழுத்து. தன் எழுத்து பறிபோன பிறகு சாயத்துக்கு அடையாளமாக மிஞ்சுவது அந்த இ ஒன்றுதான். அதனால்தான் மற்ற சொற்களில் 'இங்' சேரும்போது உதிர்ந்துவிடும் இ, இங்கே உதிராமல் நிற்கிறது. இதை எனக்கு யாராவது பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தால் நான் அந்த மனுவைக் கெடுத்திருக்க மாட்டேன்.

சேலத்துக்காரர்களுக்கு இந்த 'டை' இன்னொரு வகையிலும் சொந்தம். எங்கள் சந்தில் நாலு வீடு தள்ளி வெள்ளிப் பட்டறை இருக்கிறது. கொலுசுக்குப் பூ, கண்ணி எல்லாம் டையில் வைத்துத்தான் அடிப்பார்கள். அந்த டை என்பது இரும்பு அச்சு. எழுதும்போது அதுவும் டி, ஐ, இ. சாவுக்கு உள்ள அதே மூன்று எழுத்து. ஆக வெள்ளிப் பட்டறையில் ஒரு டை, சாயப்பட்டறையில் ஒரு டை, இழவு வீட்டில் ஒரு டை. ஒலி மூன்றுக்கும் ஒன்றே. பிறந்த இடம்தான் வேறு வேறு. சாவுக்கான சொல் வடக்கேயிருந்து கடல் தாண்டி வந்து இங்கிலாந்தில் குடியேறிய நார்ஸ் மக்களின் மொழியிலிருந்து வந்தது. சாயத்துக்கான சொல் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. அச்சுக்கான சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது; தாயம் உருட்டும் கட்டைக்கும் அதே சொல்தான். மூன்று திசையிலிருந்து வந்த மூன்று பேருக்கு ஒரே பெயர் அமைந்துபோன மாதிரி.

இதில் எனக்கு மிகவும் ஆறுதல் தந்த செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலத்தின் பெரிய அகராதிகளில் ஒன்றை 1755ல் வெளியிட்டவர் சாமுவேல் ஜான்சன். அவர் சாவு, சாயம் இரண்டையுமே ஐ போட்டு ஒரே மாதிரி எழுதினார். அவருக்குச் சற்று முந்திய ஜோசப் அடிசன் என்ற புகழ்பெற்ற கட்டுரையாளர் இரண்டையுமே ஒய் போட்டு எழுதினார். இதற்கு இது, அதற்கு அது என்ற பிரிவு நிலைபெற்றது அதற்கெல்லாம் பிறகுதான். அகராதி எழுதியவரே ஒன்றாக எழுதிய இரண்டு சொற்களை, அம்மாப்பேட்டையில் நூல் கழியை முக்கி எடுக்கும் ஒரு மனிதர் பிரித்து எழுதவில்லை என்று அந்த அலுவலகத்தில் சிரித்தார்கள். அந்தத் தகவலை நான் படித்த அன்று, அதை ஒரு தாளில் அடித்து அவர்களுக்குத் தபாலில் அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். அனுப்பவில்லை.

தமிழ் எழுத்தில் இந்த மூன்று டையோடு நாலாவதாக ஒன்றும் சேரும், பள்ளிப் பிள்ளைகள் கழுத்தில் கட்டுகிற டை. ஆங்கிலத்தில் அதன் முதல் ஒலி வேறு, ஆனால் அந்த வேறுபாட்டைக் காட்ட நமக்குத் தனி எழுத்து இல்லை. எழுத்தின் பெயரைச் சொல்லித் தப்பிக்கலாம் என்றால் அதுவும் முடியாது. இரண்டு எழுத்தின் பெயரும் தமிழில் எழுதினால் 'டி'தான். ஃபோனில் யாராவது பான் நம்பர் சொல்லும்போது "டெல்லி டியா, டைகர் டியா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் இன்றும் அடிக்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு வேறு குழப்பங்களை நாம் ஒன்றாகப் போட்டுக் கட்டிவிடுகிறோம். ஒன்று, நம் காதுக்கு மட்டும் ஒன்றாகக் கேட்பவை. தமிழில் எழுதிக் கொண்டுவரும் தாளில் 'பேக்' என்று இருந்தால் அது பையா, முதுகா, கட்டுவதா என்று நான் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 'பில்' என்றால் ரசீதாகவும் இருக்கலாம், மாத்திரையாகவும் இருக்கலாம். 'வெஸ்ட்' மேற்காகவும் இருக்கலாம், உள்பனியனாகவும் இருக்கலாம். இவையெல்லாம் ஆங்கிலக்காரர் வாயில் வேறு வேறு ஒலிகள். பழகினால் காது பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, அவர்கள் வாயிலேயே ஒன்றாக இருப்பவை. சாயமும் சாவும் அப்படி. அதைப் பிரித்துக் காட்டக் காதால் முடியாது. எவ்வளவு நல்ல உச்சரிப்பு இருந்தாலும் உதவாது. கண்தான் பழக வேண்டும். ஆங்கிலம் சரியாகப் பேச வந்துவிட்டால் எழுத்துப்பிழை தானாகப் போய்விடும் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

நமக்கு இது புதிதும் இல்லை. மயங்கொலி என்று தமிழ் இலக்கணத்திலேயே இதற்கு அழகான ஒரு பெயர் இருக்கிறது. ஒலியில் மயக்கம் தருவது. ல, ள, ழ, ண, ன, ந, ர, ற. நான் ஏழாவது படிக்கும்போது தமிழம்மா சொல்லெழுத வைப்பார்கள்: ஏரி, ஏறி, கரி, கறி, அரம், அறம், இரை, இறை. ர-வையும் ற-வையும் நாக்கில் பிரித்துச் சொல்கிறவர்கள் இன்று எங்கள் பக்கம் அநேகமாக இல்லை. அதுவும் ஆங்கில டை மாதிரி கண்ணால் மட்டுமே பிரிக்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. நான் 'கறிக்கடை'க்குப் பதில் 'கரிக்கடை' என்று எழுதியபோது தமிழம்மா சிரிக்கவில்லை. "அடுப்புல போடறதுக்குச் சின்ன ர, சட்டியில போடறதுக்குப் பெரிய ற" என்றார்கள். அதற்கப்புறம் நான் அதில் தவறியதே இல்லை. நம் மொழியில் பிழை செய்யும் பிள்ளைக்குக் காட்டும் இந்தப் பொறுமையில் கால்வாசியை ஆங்கிலத்தில் பிழை செய்கிறவருக்குக் காட்டினால்கூடப் போதும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் மலையின் பெயரே ஒரு மயங்கொலி. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படியானால் ஏரியின் சின்ன ர எப்போது பெரிய ற ஆனது? சொல்லிச் சொல்லி ஆனது. அந்த ஏற்காட்டை வெள்ளைக்காரர் எழுதியபோது முன்னால் ஒரு ஒய்யைப் போட்டார்கள், 'ஏ' என்று நாம் ஆரம்பிப்பது அவர்கள் காதில் 'யே' என்று விழுந்ததால். சேர்வராயன் மலை 'ஷெவராய்' ஆனது. செவ்வாய்ப்பேட்டை 'ஷெவாபெட்' ஆனது. அவர்களும் காதில் விழுந்ததை எழுதினார்கள், நாமும் காதில் விழுவதை எழுதுகிறோம். அவர்கள் எழுதியது வரைபடத்தில் ஏறி நிலைத்துவிட்டது, நாம் எழுதுவதற்குச் சிவப்பு வட்டம் கிடைக்கிறது. தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றித் தமிழக அரசு 2020ல் ஒரு அரசாணை வெளியிட்டதும், சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதும் நினைவிருக்கும். அந்தச் சில நாட்களில் எங்கள் சென்டருக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, இனி விண்ணப்பத்தில் எப்படி அடிப்பது என்பதுதான்.

ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர். அவர் பெயரை நாம் எழுத்தைப் பார்த்துக் 'காக்பர்ன்' என்று எழுதுகிறோம். அவர்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொல்வது 'கோபர்ன்' என்று. நடுவில் இருக்கும் இரண்டு எழுத்து எழுத்தாக மட்டுமே இருக்கிறது, வாயில் வராது. காதால் எழுதினாலும் மாட்டிக்கொள்கிறோம், கண்ணால் படித்தாலும் மாட்டிக்கொள்கிறோம்.

காபி என்றதும் என் தாய்மாமாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக வேலை பார்த்தார். ஆட்களைக் கணக்கெடுப்பது, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதுவது, பழம் எடுப்புக் காலத்தில் யார் எத்தனை கிலோ என்று குறிப்பது அவர் வேலை. பள்ளி விடுமுறைக்கு நாங்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே பஸ்ஸில் போவோம். சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக் கொடி சுற்றியிருக்கும். அதன் நிழலில் காபிச் செடி. மாமா எட்டாவது வரை படித்தவர், ஆனால் ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கைகளை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பார். நான் டைப்ரைட்டிங் லோயர் முடித்திருந்த வருடம், போனதும் ஒரு தாளை நீட்டினார்.

அது காபிக் காய்த்துளைப்பான் வண்டைப் பற்றிய எச்சரிக்கை. நம் நாட்டில் அந்த வண்டை 1990ல் நீலகிரி கூடலூரில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். மிளகளவுகூட இல்லாத கருப்பு வண்டு. பழத்தைத் துளைத்து உள்ளே போய் முட்டையிடும். கீழே உதிர்ந்து கிடக்கும் பழத்திலும் அது உயிரோடு இருக்கும் என்பதால், அப்படிக் கிடப்பதைப் பொறுக்கிக் கொதிநீரில் போட வேண்டும், இல்லையென்றால் ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். தாளில் அதுதான் இருந்தது.

"பெரியைப் புரின்னு போட்டிருக்கான். புரின்னா என்ன கண்ணு?" என்றார் மாமா.

பழத்துக்கு ஆங்கிலத்தில் 'பெரி'. புதைப்பதற்கு பி, யூ, ஆர், ஒய் என்று எழுதியிருந்தது. அதையும் 'பெரி' என்றுதான் சொல்ல வேண்டும் மாமா, புதைக்கிறது என்று அர்த்தம் என்றேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெரின்னு சொல்றதுக்கு எதுக்கு யூ போட்டான்?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஆங்கிலம் அப்படித்தான் மாமா என்று சொல்லிவிட்டேன். தெரியாத ஒன்றை அப்படித்தான் என்று சொல்லி முடிப்பது எனக்குப் பிடிக்காத வழக்கம், அன்று நானே அதைச் செய்தேன்.

பதில் பல வருடம் கழித்துக் கிடைத்தது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஒவ்வொரு வட்டாரமும் ஒரே சொல்லை ஒவ்வொரு மாதிரிச் சொன்னது, எழுதியது. நம் கொங்குப் பேச்சும் மதுரைப் பேச்சும் மாதிரி. புதைப்பதற்கான சொல்லை மேற்கே யூ போட்டு எழுதினார்கள். தென்கிழக்கே கென்ட் பக்கம் 'எ' ஒலியில் சொன்னார்கள். எல்லா ஊர்க்காரரும் வந்து சேரும் லண்டனில் எழுத்து ஒரு ஊரிலிருந்தும், ஒலி இன்னொரு ஊரிலிருந்தும் எடுத்து ஒட்டிக்கொண்டது. வேலையாக இருப்பதைச் சொல்லும் 'பிஸி'யும் அப்படித்தான். அதன் யூ மேற்கே, 'இ' ஒலி வேறு பக்கம். 1476ல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் முதல் அச்சகம் வைத்தார். அச்சு வந்த பிறகு எழுத்து மெல்ல மெல்ல ஓரிடத்தில் நின்றுவிட்டது, வாய் நிற்கவில்லை. அதற்கு முன்பும் பின்பும் சில நூற்றாண்டுகளாக அவர்களுடைய நெடில் ஒலிகள் எல்லாமே இடம் மாறிக்கொண்டிருந்தன. கடைத்தெருவில் சில கறிக்கடைப் பலகைகளில் சந்திப்பதற்கான 'மீட்' எழுதியிருப்பதைப் பார்க்கலாம். இறைச்சிக்கான 'மீட்' வேறு எழுத்து. அந்தக் காலத்தில் அவை இரண்டும் வேறு வேறு ஒலிகள். பிறகு வாய் ஒன்றாக்கிவிட்டது, எழுத்து பிரிந்தே நின்றது.

இதை நான் மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் அப்போது ஓய்வு பெற்று ஏற்காட்டிலேயே இருந்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னது இது: "கேரளாக்காரரையும் மலையாளிங்கறோம். நம்ம மலையில காலகாலமா இருக்கற சனத்தையும் மலையாளிங்கறோம். ஒரே சொல்லு, ஒரே எழுத்து. மலையில இருக்கறவன் எவனாவது அதுல குழம்பியிருக்கானா? ஆளைத் தெரியும், அதனால குழப்பம் இல்லை." சேர்வராயன் மலையின் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். பேசுவது தமிழ். வெளியூர்க்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டுக் கேரளாவை நினைத்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். மாமா சொன்னதைத்தான் இன்றுவரை என் வழியாக வைத்திருக்கிறேன். சொல்லுக்குப் பின்னால் இருக்கும் ஆளைக் காட்டிவிட்டால், எழுத்து தானாக மனதில் உட்காரும்.

மாமா எழுதிய செக்ரோலில் இருக்கும் 'செக்', வங்கி 'செக்', அம்மாப்பேட்டைத் தறியில் நெய்யும் கட்டம் போட்ட லுங்கியின் 'செக்' மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி செக்கை மட்டும் நாம் வேறு எழுத்துப் போட்டு எழுதுகிறோம், நடுவில் ஒரு க்யூ வைத்து. அமெரிக்காவில் அந்த வேறுபாடுகூட இல்லை. இந்த மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆரம்பம் பாரசீகத்தில் அரசனைக் குறிக்கும் 'ஷா'. சதுரங்கத்தில் ராஜாவுக்கு ஆபத்து என்று எச்சரிக்கும்போது 'ஷா' என்றார்கள். அது ஐரோப்பாவுக்குப் போய்ச் 'செக்' ஆனது. தடுத்து நிறுத்துவது, நிறுத்திச் சரிபார்ப்பது என்று பொருள் விரிந்தது. சதுரங்கப் பலகையின் கட்டம் துணியில் ஏறியது. இங்கிலாந்து அரசின் கருவூலத்தில் கட்டம் போட்ட துணியை மேஜையில் விரித்துக் காசு எண்ணினார்கள், அதனால் கருவூலத்துக்கே அந்தத் துணியின் பெயர், 'எக்ஸ்செக்கர்' என்று வந்தது. வங்கிச் சீட்டைச் சரிபார்க்க ஒட்டுத் துண்டு வைத்தபோது அதைச் 'செக்' என்றார்கள். கருவூலத்தின் பெயரில் இருந்த க்யூ இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டது. சதுரங்கம் இந்தியாவிலிருந்துதான் பாரசீகம் போனது. இதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒருவன்கூட நடுவில் எழுந்து போனதில்லை.

மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் சந்துப் பிள்ளைகள் சிலர் வந்து உட்காருவார்கள். கட்டணம் இல்லை. போட்டித் தேர்வுப் புத்தகங்களில் ஒத்த ஒலிச் சொற்கள் என்று நூறு, இருநூறு ஜோடியை வரிசையாகப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். அது உதவாது என்பது என் அனுபவம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் தேர்வு அறையில் இரண்டும் சேர்ந்தேதான் நினைவுக்கு வரும், எது எதற்கு என்பது மட்டும் வராது. நான் ஒரு வாரத்துக்கு ஒரு சொல்லைத்தான் எடுப்பேன், அதையும் ஏதாவது ஒரு பொருளைத் தொட்டுக்கொண்டு.

லீ பஜாரில் மூட்டை மூட்டையாக வாங்கும் 'ஹோல்சேல்' அப்படி ஒன்று. முன்னால் இருக்க வேண்டிய டபிள்யூ இல்லாமல் பலகைகளில் எழுதிவிடுகிறார்கள். டபிள்யூ போனால் அது துளை விற்கும் கடை. முழுமைக்கான அந்தச் சொல்லில் ஆதியில் டபிள்யூ கிடையாது. 15, 16ஆம் நூற்றாண்டு வாக்கில் சேர்ந்த எழுத்து அது. உடல்நலம், காயம் ஆறுவது எல்லாம் அந்தச் சொல்லின் உறவுகள். உடைந்தது முழுசாவதுதான் குணமாவது என்று சொன்னபோது ஒரு பெண் "அப்ப ஹெல்த்தும் ஹோலும் அக்கா தங்கச்சியா அக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் இனி அந்தச் சொல்லை மறக்க மாட்டாள்.

வ.உ.சி. மார்க்கெட்டில் பூ விற்கிறார்கள், தெருமுனையில் மாவு மில் இருக்கிறது. பூவுக்கும் மாவுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி. அதற்குக் காரணம் இரண்டும் உண்மையிலேயே ஒரே சொல்லாக இருந்ததுதான். கோதுமையை அரைத்துச் சலித்தால் கிடைக்கும் நயமான பகுதியை, கோதுமையின் பூ என்று சொன்னார்கள். பிறகு எழுத்தைப் பிரித்துக்கொண்டார்கள். நம் ஊரில் 'ஃப்ளோர் மில்' என்று சொல்லியும் எழுதியும் அதைத் தரையாக்கிவிடுகிறோம். தரைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தம் இல்லை.

உருக்காலை இருக்கும் ஊரில் 'ஸ்டீல்' தப்பாக எழுதக் கூடாது என்பதில் நான் கொஞ்சம் கண்டிப்பு. நடுவில் ஒரு ஏ வந்துவிட்டால் திருடுவது என்று ஆகிவிடும். தண்டவாளம் இரண்டும் ஒரே மாதிரி பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இல்லையா, அந்த மாதிரி இரண்டு இ என்று சொல்லிக் கொடுப்பேன். ஓமலூர் ரோட்டில் மனை விற்கும் பலகைகளில் 'சைட்' பார்வையாகிக் கிடப்பதையும் பிள்ளைகள் வந்து சொல்வார்கள். தாங்கள் படித்ததைப் பலகையில் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு விதி மட்டும் வைத்திருக்கிறேன்: கடைக்காரரிடம் போய்ச் சிரிக்கக் கூடாது. தெரிந்தவராக இருந்தால், அடுத்த முறை பெயிண்ட் அடிக்கும்போது இதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்க அண்ணா என்று தனியாகச் சொல்லலாம்.

இப்போதெல்லாம் வேறு ஒரு சிக்கல் வந்திருக்கிறது. ஃபோனில் பேசினாலே அது எழுதிவிடுகிறது. பேச்சை எழுத்தாக்கும்போது முன்பின் இருக்கும் சொற்களை வைத்து ஊகித்துத்தான் போடுகிறது. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் இரண்டு சொல் மட்டும் உள்ள ஒரு தலைப்புக்கோ, ஒரு கடைப் பலகைக்கோ ஊகிக்க முன்பின் எதுவும் இல்லை. வரும் தாள்களில் அந்த வகைப் பிழை கூடிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு வேலையையும் அடித்து முடித்த பிறகு, ஒலியை மறந்துவிட்டு ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் மட்டும் ஒருமுறை பார்ப்பது என் வழக்கம். 2002க்கு முன்னால் அந்த வழக்கம் என்னிடம் இல்லை.

சாயப்பட்டறை அண்ணன் இன்றும் வருவார். பட்டறையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் மாலை வந்தார். வாசலுக்குப் புதுப் பலகை வைக்கிறார்கள், பலகை செய்கிறவர் வாட்ஸப்பில் டிசைன் அனுப்பியிருக்கிறார்.

"பையன் சரின்னுட்டானுங்க. நீங்க ஒருவாட்டி பாத்துட்டா நல்லதுன்னு கொண்டாந்தேன், அம்மிணி."

கையை நீட்டினேன். ஃபோனை உடனே கொடுக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்திக்கொண்டே போய் ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"ஒய்க்கு அப்புறம் இ இருக்குதுங்க. மத்ததை நீங்க பாருங்க."